கடற்கரையண்ணன் வண்டியை நிறுத்திய விதம்

ஆட்டோ எலக்ட்ரீசியன் தம்பிகளுக்கு,

போன மாதம் சங்கக் கூட்டத்தில் என்னை மேடையில் ஏற்றி, ஒரு சால்வையைப் போர்த்தி, "பாய், உங்க அனுபவத்தைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க" என்று மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். எனக்கு அந்த மைக் ஏன் கரகரக்கிறது, எந்த இடத்தில் லூஸ் கனெக்‌ஷன் என்று தேடத்தான் கை போனதே தவிர, வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. நன்றி சொல்லி இறங்கிவிட்டேன். அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இப்போது எழுதித் தருகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். வயரிங்கில் பிழை இருந்தால் வீட்டுக்கு வந்து சண்டை போடுங்கள், டீ தருகிறேன்.

உங்களில் பாதிப் பேர் இப்போது ஸ்கேனர் வைத்திருக்கிறீர்கள். வண்டி வந்ததும் அதைச் செருகிவிட்டு, அது என்ன சொல்கிறது என்று பார்க்கிறீர்கள். நல்ல சாமான்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டியைக் கொண்டுவந்த மனுஷன் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறான், நீங்கள் ஸ்கேனரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு "உம், உம்" என்கிறீர்கள். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டியைப் போல நல்ல வண்டி கிடையாது. லைட் எரியவில்லை என்றால் எரியவில்லை. தேடினால் கிடைக்கும், சரி செய்தால் எரியும். ஆளைப் படுத்துவது 'சில நேரம்' வண்டிதான். சில நேரம் ஹாரன் அடிக்கிறது, சில நேரம் வைப்பர் நிற்கிறது, சில நேரம் லைட் மங்குகிறது. கடை வாசலில் வந்து நின்றதும் அந்தக் கோளாறு ஊமையாகிவிடும். வண்டிக்காரன் நம் முன்னால் பொய்யனைப் போல நிற்பான்.

விருதுநகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், தன் கார் இடது பக்கம் திரும்பும்போது மட்டும் ஹாரன் தானாக அடிக்கிறது என்று வந்தார். கடையில் இருந்தவர்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் ஸ்டீரிங் கம்பத்தைக் கழற்றினேன். உள்ளே ஹாரன் வயர் தோலுரிந்து, இடது பக்கம் திருப்பினால் மட்டும் இரும்பில் தொடுகிற மாதிரி கிடந்தது. அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அன்றிலிருந்து வண்டிக்காரர் என்ன சொன்னாலும் முதலில் நம்புவது என்று வைத்துக்கொண்டேன்.

அந்த நம்பிக்கை எனக்கே சிக்கலாகிப்போன ஒரு கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

செல்போன் முதலாளிமார் சட்டைப்பையிலிருந்து மெல்ல மெல்ல மற்றவர்கள் சட்டைப்பைக்கு இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வருஷங்களில் நோன்பும் தீபாவளியும் ஒட்டி ஒட்டியே வந்தன. சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த முதலாளி ஒருவரிடம் அவருடைய அப்பா காலத்து அம்பாசிடர் ஒன்று இருந்தது. புது வண்டிகள் வாங்கிய பிறகும் அதை விற்க மனசில்லை. காலையில் அவருடைய அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும். சாயங்காலம் அச்சங்குளம் பக்கம் இருந்த அவர்கள் பாக்டரிக்குப் போய், போர்மேனையும் கணக்குப் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வரும்.

அதன் டிரைவர் பெயர் கடற்கரை. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், எங்கள் பக்கத்தில் அது ஆண்பிள்ளைப் பெயர். கடலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். அவர் வாயில் பீடி இல்லாத நேரம் ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும்தான். வண்டியை அவ்வளவு மரியாதையாக வைத்திருந்தார்.

சீசன் சூடு பிடித்த மாதத்தில் முதல் தடவை வந்தார். "பாய், சாயங்காலம் வரும்போது லைட்டு சில நேரம் மங்குது. கொஞ்ச நேரத்துல தானா வந்துருது" என்றார்.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பல்பைப் பார்த்தேன், சுவிட்சைப் பார்த்தேன், பியூஸைத் துடைத்தேன், டைனமோ சார்ஜ் கொடுக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் ஒழுங்கு. "வயரிங்ல வேற யாரும் கை வச்சாகளாண்ணே?" என்று கேட்டேன். "ஒங்களத் தவிர எவனையும் பானட்டத் தொறக்க விடமாட்டேன் பாய்" என்றார். லைட்டைப் போட்டு வண்டியைக் குலுக்கினேன். சூரியன் மாதிரி எரிந்தது.

அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். என்னிடம் தீராமல் போகவே, வேறு வழியில்லாமல் சாத்தூரில் ஒரு கடையிலும், சிவகாசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையிலும் காட்டியிருக்கிறார். அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. போர்மேன் கூட வந்த அன்றைக்கு லைட் மங்கியது என்று இவர் சொல்ல, பின் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்த அந்த மனுஷன் "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. வண்டிக்கு ஒன்றுமில்லை, கடற்கரைக்குத்தான் கண் மங்குகிறது என்று.

முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர், சுற்றி வளைத்துப் பேச மாட்டார்.

"வண்டியில கோளாறுன்னா சரி பண்ணுங்க பாய். ஆள்கிட்டக் கோளாறுன்னா அதையும் மறைக்காமச் சொல்லிருங்க. தீபாவளி கழிச்சு வேற ஆளப் போட்டுக்கிறேன். எங்கம்மா அந்த வண்டியிலதான் போகுது வருது."

வெளியே வந்தால் அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். உள்ளே என்ன பேச்சு என்று அவருக்குத் தெரியும். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு, "எனக்கு வேற தொழில் தெரியாது பாய். கண்ணு போச்சுன்னு ஒரு பேரு வந்துருச்சுன்னா சிவகாசில எவனும் சாவியக் கையில தரமாட்டான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "எங் கண்ணுதானோன்னு எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு" என்றார்.

அந்த மனுஷன் அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. 'சில நேரம்' கோளாறு வண்டியை மட்டும் கெடுக்காது, தம்பிகளே. ஓட்டுகிறவனுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விடும். "நாளைக்குச் சாயங்காலம் நானும் ஒங்க கூட வர்றேன்" என்று சொன்னேன். கோளாறு கடைக்கு வர மாட்டேன் என்றால் நாம்தான் அதன் இடத்துக்குப் போக வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின வாரம். லோடெல்லாம் வெளியே போய், பாக்டரியில் மிச்சம் மீதி வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் நோன்பு வைத்திருந்தேன். அஸர் என்கிற சாயங்காலத் தொழுகையை முடித்துவிட்டு வண்டியில் ஏறினேன். ஹெட்லைட் வயரோடு சேர்த்து ஒரு சின்ன டெஸ்ட் பல்பை இழுத்து டேஷ்போர்டு மேல் வைத்திருந்தேன். வெளியே லைட் மங்கினால் உள்ளே இதுவும் மங்கும், கண்ணை நம்ப வேண்டியதில்லை. அண்ணன் வழியில் டீக்கடையில் நிறுத்தவே இல்லை. "நீங்க குடிங்கண்ணே" என்றதற்கு, "ஒங்கள வச்சுக்கிட்டு நான் மட்டும் குடிச்சா எறங்குமா" என்று சொல்லிவிட்டார்.

பாக்டரிக்கு வெளியே, கேட்டிலிருந்து தள்ளி, வண்டி நிறுத்த ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதைத் தாண்டி எந்த வண்டியும் போகக் கூடாது. அண்ணன் வண்டியை நிறுத்தினார். பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் வாட்ச்மேனிடம் கொடுத்தார். என் செல்போனையும் வாங்கிக் கொடுத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அப்புறம் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தார், பானட்டைத் திறந்தார், குனிந்தார். நாலு சுற்று சுற்றி ஒரு போல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னண்ணே செய்றீக?" என்று கேட்டேன்.

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "என்ன செய்றேன்? வண்டிய நிப்பாட்டுறேன்" என்றார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். பேட்டரியின் எர்த் வயர் வண்டியின் உடம்பில் வந்து சேரும் இடம் அது. அந்த வயரைக் கழற்றிவிட்டால் வண்டியில் எங்கேயும் கரண்ட் ஓடாது, பொறி கிளம்பாது.

"எம்புட்டு நாளா இப்பிடிக் கழட்டுறீக?"

"இந்தக் கம்பெனி வண்டிய எடுத்த நாள்ள இருந்து. கிளம்புறப்ப மாட்டிக்கிருவேன்."

"வயரிங்ல யாரும் கை வச்சாகளான்னு எத்தன தடவ கேட்டேன், ஒரு வார்த்த சொல்லலையேண்ணே?"

"நீங்க ரிப்பேரப் பத்தியில்ல கேட்டீக. இது ரிப்பேரா? செருப்பக் கழட்டி விட்டுப் போற மாதிரி." அவருக்குக் கொஞ்சம் கோபம் கூட வந்துவிட்டது. கேட் பக்கம் கையைக் காட்டினார். "உள்ள மருந்து ரூம்ல உக்காந்து வேலை பாக்குறவ எம் பொண்டாட்டி பாய். இப்பிடிக் கழட்டச் சொல்லி எவஞ் சொன்னான் எவஞ் சொல்லலங்கறதெல்லாம் எனக்கு எதுக்கு? என் வண்டியிலருந்து ஒரு பொறி வரக்கூடாது."

கொட்டகை அவ்வளவு தள்ளி இருக்கிறது, நின்ற வண்டியிலிருந்து அங்கே ஒன்றும் போகாது என்று அவரிடம் விளக்கியிருக்கலாம். நான் விளக்கவில்லை. பொண்டாட்டியை நினைத்து ஒருவர் தினமும் ஒரு போல்ட்டைக் கழற்றுகிறார் என்றால் அதில் நாம் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது? எனக்குக் கண் கலங்கியது, நோன்புக் களைப்பு என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சங்கு ஊதி வேலை விட்டது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்து வேனில் ஏறினார்கள். அதில் ஒரு அம்மா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். கையிலும் புருவத்திலும் தலையிலும் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளி மருந்துத் தூள் மினுக்கியது. "என் வீட்டுக்காரிதான்" என்றார் அண்ணன். "தலையக் கழுவிட்டு வாடின்னா கேக்க மாட்டா. வேன் போயிரும்னு சொல்லுவா."

போர்மேனையும் கணக்குப் பிள்ளையையும் அன்றைக்கு அந்த வேனிலேயே போகச் சொல்லிவிட்டோம். அண்ணன் குனிந்து போல்ட்டை மாட்டினார். மழை மேகம் கட்டி, சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. லைட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பாக்டரியிலிருந்து தார் ரோடு வரைக்கும் குண்டும் குழியுமான மண் பாதை. இரண்டாவது குழியில் வண்டி இறங்கி ஏறியதும் வெளியே வெளிச்சம் செத்துப்போய், டேஷ்போர்டில் என் டெஸ்ட் பல்பும் மங்கியது. அடுத்த குலுக்கலில் இரண்டும் திரும்பி வந்தன.

"பாத்தீகளா?" என்றார் அண்ணன்.

"பாத்தேன்ணே. பல்பும் பாத்துச்சு."

வண்டியை ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, அந்த போல்ட்டைக் கழற்றினேன். அதில் பேட்டரியின் தடித்த எர்த் வயரோடு, ஹெட்லைட்டின் மெல்லிய எர்த் வயரும் சேர்ந்து மாட்டியிருந்தது. தடித்த வயருக்கு இந்தத் தினசரிக் கழற்றல் ஒன்றும் செய்யவில்லை, அதனால் வண்டி எப்போதும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆனது. மெல்லிய வயரோ மடங்கி மடங்கி, மேல் ரப்பருக்குள்ளேயே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசி ஓரிரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே பார்த்தால் புது வயர். அந்த ஓரிரண்டு இழையும் மண் பாதையில் விலகும், தார் ரோட்டுக்கு வந்ததும் ஒட்டிக்கொள்ளும். என் கடைக்குத் தார் ரோட்டில்தானே வண்டி வந்தது?

அறுந்த முனையை வெட்டிவிட்டு, நல்ல செம்பை எடுத்து வேறொரு போல்ட்டில் தனியாக மாட்டினேன். "இனிமேலும் நிப்பாட்டும்போது தாராளமாக் கழட்டுங்க. தடி வயர மட்டும் கழட்டுங்க, இவன விட்டுருங்க" என்றேன். அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

நோன்பு திறக்கும் நேரமும் சரியாக வந்தது. பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்தேன். அண்ணன் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரும், எனக்கென்று வாங்கி வைத்திருந்த சாத்தூர் சேவுப் பொட்டலமும் எடுத்து நீட்டினார். வண்டி முன்னால் நின்றே இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியாக நான் நோன்பு திறந்ததில்லை. கதையை இங்கேயே முடித்திருந்தால் எனக்கும் அவருக்கும் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

தார் ரோட்டில் ஏறி, வண்டி நிதானமாக ஓடியது. அண்ணன் பேசிக்கொண்டே வந்தார். எதிரே ஒரு லாரி வந்து எங்களைக் கடந்தது. "இந்தா, மறுபடி மங்குச்சு பாத்தீகளா?" என்றார்.

நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மங்கவில்லை. சாப்பிட்ட கவனத்தில் விட்டுவிட்டேனோ என்று டெஸ்ட் பல்பின் மேல் கண்ணை வைத்துக்கொண்டேன். அடுத்து ஒரு பஸ் வந்தது. "இப்ப, இப்ப" என்றார் அண்ணன். பல்பு கொஞ்சம் கூட அசையாமல் எரிந்தது. ரோட்டோரம் இரண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. அண்ணன் கிட்டப் போன பிறகுதான் வண்டியை ஒடித்து விலக்கினார்.

ஒரு கோளாறு கிடைத்துவிட்டால் மனசு அதோடு கடையைச் சாத்திக்கொள்ளப் பார்க்கும், தம்பிகளே. தேடியது கிடைத்தது, வண்டிக்காரன் கும்பிடுகிறான், முதலாளிக்குப் பதில் தயார். இதற்கு மேல் எதையும் பார்க்காதே என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். எனக்கும் சொன்னது. ஆனால் ஒரு கம்ப்ளைண்டுக்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று எந்த வண்டியும் எழுதிக் கொடுக்கவில்லை. ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"அண்ணே, இந்தச் சின்ன பல்பப் பாத்துக்கிட்டே இருங்க. அடுத்த லாரி வரும்போதும் இதையே பாருங்க."

லாரி வந்தது. அதன் வெளிச்சம் எங்கள் கண்ணாடி முழுக்க அடித்துவிட்டுப் போனது.

"மங்குச்சா?"

"பல்பு மங்கல." அவர் முன்னால் ரோட்டில் எங்கள் ஹெட்லைட் வெளிச்சம் விழுந்து கிடந்த இடத்தைப் பார்த்தார். "ஆனா அங்கன எனக்கு ஒண்ணுமே தெரியல பாய்" என்றார். அப்புறம், "அப்ப எங் கண்ணுதானா" என்றார்.

"வண்டியிலயும் இருந்துச்சுண்ணே. நீங்க பொய் சொல்லல. மண் பாதையில வண்டிக் கோளாறு, தார் ரோட்டுல கண்ணுக் கோளாறு. ரெண்டும் ஒண்ணு போலத் தெரிஞ்சுருக்கு."

ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நிமிர்ந்தபோது, "முதலாளிகிட்ட வயரு மட்டும்னு சொல்லிருங்க பாய்" என்றார். "நோன்பு வச்ச வாய், பொய் சொல்லச் சொல்லல. பாதிய மட்டும் சொல்லுங்க."

இந்தத் தொழிலில் எத்தனையோ தடவை புகை வந்த வண்டிக்குள் கையை விட்டிருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தைப் போல எனக்குப் பயம் வந்ததில்லை. அவர் கேட்டது ரொம்பச் சின்ன உதவி. நான் மறைத்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மறைக்காவிட்டால், என்னை நம்பி என் கடைக்கே வந்துகொண்டிருந்த ஒரு மனுஷனின் பிழைப்பை நானே அறுத்துவிட்டதாக ஆகும்.

"அண்ணே, உள்ள ஒங்க வீட்டுக்காரி இருக்காகன்னு தெனமும் ஒரு போல்ட்டக் கழட்டுறீக. இப்ப சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போனாகளே ரெண்டு பேரு, அவுகளும் ஏதோ ஒரு கம்பெனி ஆளுகதான். அவுக வீட்டுலயும் எதிர்பாத்துக்கிட்டு இருப்பாக" என்றேன்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி என் பக்கம் வந்து நின்றார். நான் நகர்ந்து ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தேன். சிவகாசி வரைக்கும் நான்தான் ஓட்டினேன். அவர் பீடியைப் பற்ற வைக்காமலே விரலில் வைத்துக்கொண்டு வந்தார்.

முதலாளி வீட்டு முன்னறையில் இரண்டு பேரும் நின்றோம். வயர் விஷயத்தை முழுக்கச் சொன்னேன், போல்ட்டை எதற்காகக் கழற்றினார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அப்புறம் கண் விஷயத்தைச் சொன்னேன். "வண்டியிலயும் இருந்துச்சு, ஆள்கிட்டயும் இருக்கு முதலாளி. ரெண்டுமே ரிப்பேர் பண்ணக்கூடியதுதான்."

முதலாளி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். "அப்ப வேற டிரைவர்தான் பாக்கணும்" என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

"பாருங்க முதலாளி. ஆனா வண்டி இப்ப வராது" என்றேன்.

"ஏன், வயரத்தான் மாத்திட்டீகளே?"

"பழைய வண்டி. ஒரு வயரு இப்பிடின்னா மத்ததெல்லாம் எப்பிடியோ? மொத்த வயரிங்கையும் கழட்டிப் பாக்கணும். தீபாவளிக்கு அப்புறம் கம்பெனியும் பூட்டித்தான கிடக்கும். வண்டி என் கடையில நிக்கட்டும். வண்டி இல்லாம டிரைவர் எதுக்கு?"

முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எம்புட்டு நாளு ஆகும் வேலை?"

"கண்ணு ஆப்பரேஷன் பண்ணா எம்புட்டு நாளு ஆகுமோ, அம்புட்டு நாளு ஆகும்."

பட்டாசுத் தொழில் செய்கிற ஆளுக்குத் தந்திரம் தெரியாதா? சிரித்துவிட்டார். "எங்கப்பா காலத்து வண்டி, எங்கப்பா காலத்து ஆளு. ரெண்டையும் ஒழுங்காப் பாத்து அனுப்புங்க. டாக்டர் சரின்னு சொன்ன பெறகுதான் சாவி" என்றார். அண்ணன் அப்போதும் நிமிரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

தீபாவளி முடிந்ததும் அண்ணனும் அவர் வீட்டுக்காரியும் மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்புரைதான், முற்றியிருந்தது. ஒரு கண்ணுக்குச் செய்து, இடைவெளி விட்டு அடுத்த கண்ணுக்கும் செய்தார்கள். அதுவரைக்கும் அம்பாசிடர் என் கடைக்குள் நின்றது. சொன்ன சொல்லுக்காக வயரிங் முழுவதையும் உண்மையிலேயே கழற்றி மாட்டினேன். ஒரு குற்றமும் இல்லை என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஒரு சாயங்காலம் கடற்கரையண்ணன் டாக்டர் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். டாக்டர் சரி சொல்லிவிட்டதால், சாவியை அவர் கையில் கொடுக்கச் சொல்லி முதலாளியும் சொல்லி அனுப்பிவிட்டார். நான் பெருமையாக வண்டியைத் திருப்பி, எதிரே இருந்த அச்சாபீஸின் வெள்ளைச் சுவரில் ஹெட்லைட்டைப் போட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு அந்த வெளிச்சத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாய், ரெண்டும் ஒண்ணா இல்லையே. எடது பக்கம் மஞ்சளடிக்குதே."

பார்த்தேன். அடித்தது. இடது பல்பு பழசு, கண்ணாடி மங்கியிருந்தது. எத்தனை தடவை அந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன், எத்தனை கடை பார்த்திருக்கிறது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

"இதையா சரின்னு சொல்லி முதலாளிக்கு அனுப்பப் பாத்தீக?" என்றார். புது பல்பை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அவர் என் தலைக்கு மேல் நின்று பேசிக்கொண்டே இருந்தார்.

"கட்டுப் பிரிச்சு வீட்டுக்கு வந்தேன் பாய். எம் பொண்டாட்டி காப்பியக் கொண்டாந்தா. தல பூரா வெள்ளையா இருக்கு. கம்பெனிதான் தொறக்கலையே, எங்க போயி இம்புட்டு மருந்த ஒட்டிக்கிட்டு வந்தவ, போயிக் கழுவிட்டு வாடின்னேன்."

"அவுக என்ன சொன்னாக?"

"கழுவிப் பாத்தாச்சு, போக மாட்டேங்குது, நீரு பாக்கலங்கிறதுக்காக நரை வராம இருக்குமாங்கா."

பல்பை மாட்டி நிமிர்ந்தேன். சுவரில் இரண்டு வெளிச்சமும் ஒரே வெள்ளையாக விழுந்திருந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். "இப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, சீட்டுக்கு அடியில் அவருடைய ஸ்பேனர் இருக்கிறதா என்று குனிந்து தடவிப் பார்த்துக்கொண்டு, வண்டியை எடுத்தார்.